பல நாள் மலையேற்றத்துக்கு முதுகுப்பையும் ஃபிரேமும்: அளப்பதிலிருந்து சோதனை நடை வரை

பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டில் சும்மாடு கட்டி மூட்டை தூக்குபவர்களைக் கவனித்துப் பாருங்கள். பாரம் தலைவழியாக முதுகெலும்பில் நேராக இறங்குகிறது. தோளில் ஒன்றும் ஏறுவதில்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடப்பவர்களும் அப்படித்தான். குடம் உட்காருவது இடுப்பெலும்பின் விளிம்பில், அதனால்தான் அரை மைல் நடந்தும் கை சோர்வதில்லை. நல்ல முதுகுப்பை செய்வதும் இந்த வேலையையே: தோள் உயரத்தில் இருக்கும் பாரத்தைக் கீழே கொண்டுவந்து இடுப்பெலும்பில் உட்கார வைக்கிறது. அப்படிக் கொண்டுவருவது பையின் முதுகுப்பக்கத்தில் இருக்கும் சட்டம், அதன் பெயர் ஃபிரேம்.

ஆனால் பை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை லிட்டர்?" என்றுதான். லிட்டர் கடைசியில் பார்க்க வேண்டியது. முதுகின் நீளம், தூக்கப்போகும் எடை, அதற்கேற்ற ஃபிரேம், அதற்கப்புறம்தான் பை. இந்த வரிசை மாறினால் நல்ல விலை கொடுத்து வாங்கிய பையும் இரண்டாம் நாள் மதியம் தோளை அறுக்கும்.

முதுகை அளப்பது

டெய்லர் டேப் ஒன்றும், உதவிக்கு ஒருவரும் வேண்டும். தலையை நன்றாகக் குனியுங்கள். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஓர் எலும்பு புடைத்து நிற்கும், அதுதான் மேல்புள்ளி. இப்போது இரண்டு கைகளையும் இடுப்பில் வையுங்கள், கட்டைவிரல்கள் பின்பக்கம் இருக்கட்டும். கை அழுந்தி நிற்க வேண்டியது இடுப்பெலும்பின் மேல்விளிம்பில். இரு கட்டைவிரல்களையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடும் இடம் கீழ்ப்புள்ளி. மேலிருந்து கீழாக, முதுகின் வளைவோடு ஒட்டி டேப்பை இறக்கி அளக்க வேண்டும்.

தவறு நடப்பது பெரும்பாலும் கீழ்ப்புள்ளியில். பேன்ட் பெல்ட் கட்டும் இடத்தை இடுப்பு என்று எடுத்துக்கொள்கிறோம். அது இடுப்பெலும்பின் விளிம்புக்குச் சில சென்டிமீட்டர் கீழே இருக்கும். அந்தக் கணக்கில் வாங்கிய பை ஒரு சைஸ் பெரிதாகிவிடும். ஆகவே மூன்று முறை அளந்து பாருங்கள். பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 38 முதல் 55 செ.மீ.க்குள் வரும். ஆளின் உயரத்தை வைத்து ஊகிக்க வேண்டாம். கால் நீண்டு முதுகு குட்டையாக இருப்பவர்கள் நிறையப் பேர். 175 செ.மீ. உயரமானவருக்கு 44 வரலாம், 165 செ.மீ. உயரமானவருக்கு 47 வரலாம்.

சிறியது, நடுத்தரம், பெரியது என்ற எழுத்துகள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அட்டையில் சென்டிமீட்டர் போட்டிருக்கிறதா என்று பார்த்து அதை மட்டும் நம்புங்கள். இரண்டு சைஸுக்கு நடுவில் வந்தால் தோள்வாரை மேலும் கீழும் நகர்த்தக்கூடிய பை நல்லது. வெல்க்ரோவில் ஒட்டி நகர்த்தும் வகையில் ஒரு கவனம் வேண்டும்: ஒட்டும் பரப்பு பெரிதாக இருக்க வேண்டும். உள்ளங்கை அகலம்கூட இல்லையென்றால், 12 கிலோவுக்கு மேல் போகும்போது மெதுவாக நழுவும்.

இடுப்புச் சுற்றளவையும் இடுப்பெலும்பின் மேலேயே எடுங்கள். பையோடு வரும் இடுப்புப் பட்டையான ஹிப் பெல்ட்டின் மெத்தைப் பகுதி இடுப்பெலும்பின் முன்முனையைத் தாண்டி வர வேண்டும். முழுக்க இறுக்கிய பிறகு இரண்டு பக்க மெத்தைகளுக்கும் நடுவில் வயிற்றின் மேல் நான்கு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். மெத்தைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அந்த பெல்ட் பெரிது. வழியில் மெலிந்தாலும், மெல்லிய உடைக்கு மாறினாலும், மேலும் இறுக்க இடமிருக்காது. பெண்களுக்கான வடிவில் பெல்ட் கூம்புபோல மேல்பக்கம் குறுகியும், தோள்வார் எஸ் வடிவில் வளைந்தும் வரும். முதுகு குட்டையான, தோள் குறுகிய ஆண்களுக்கும் இது பல நேரம் கச்சிதமாகப் பொருந்தும். நிறத்தைப் பார்த்து ஒதுக்க வேண்டாம்.

தூக்கப்போகும் எடை

பொதுவான வரம்பு உடல் எடையில் 20 முதல் 25 சதவீதம். 60 கிலோ உள்ளவருக்கு 12 முதல் 15 கிலோ. கூடாரமும் சாப்பாடும் தானே சுமந்து 4 நாள் இமாலயப் பாதையில் நடப்பவருக்குக் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும்: பை 2 கிலோ, இருவர் கூடாரத்தில் பாதிப் பங்கு 1.2, தூங்கும் பை 1.5, விரிப்பு அரை கிலோ, மாற்றுடையும் குளிர் ஜாக்கெட்டும் 2, மழையுடை அரை கிலோ, அடுப்பு பாத்திரத்தில் பங்கு 0.6, சாப்பாடு நாளுக்கு 650 கிராம் வீதம் 2.6, தண்ணீர் 2 லிட்டர் என்றால் 2 கிலோ, மருந்து, ஹெட்லாம்ப், பவர்பேங்க் எல்லாம் சேர்ந்து 0.8. மொத்தம் 13.7 கிலோ. வரம்புக்குள் இருக்கிறது, ஆனால் கையிருப்பு அதிகமில்லை. கேமராவும் பெரிய லென்ஸும் சேர்ந்தால் 15-ஐத் தாண்டும்.

கூடாரமும் சமையலும் ஏற்பாட்டாளரே பார்த்துக்கொள்ளும் பயணம் என்றால் 8 அல்லது 9 கிலோவில் முடிந்துவிடும். குமார பர்வதா போன்ற மேற்குத்தொடர்ச்சி மலைப் பாதையில் எடை அதைவிடக் குறைவு. ஆனால் குக்கே சுப்ரமண்யாவிலிருந்து 1,712 மீட்டர் உச்சி வரை ஏற்றம் செங்குத்து, ஒரு வழியே சுமார் 13 கி.மீ. உச்சியில் இரவு தங்க அனுமதியில்லை. அங்கே பெரிய பையோடு போனால் வீண் சுமைதான்.

உங்கள் சொந்தப் பொருட்களை எடை போடாமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். வீட்டு எடைக் கருவியில் பையோடு ஏறி, பையில்லாமல் ஏறி, வித்தியாசத்தைப் பார்த்தால் போதும்.

ஃபிரேம்

இங்குதான் நிதானம் தேவை. கடைக்காரர் பையின் வெளிப்பாக்கெட்டுகளைக் காட்டுவார். நீங்கள் முதுகுப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

ஃபிரேமே இல்லாத, அல்லது மடித்த ஃபோம் தகடு மட்டும் உள்ள பைகள் லேசானவை. மொத்த எடை 8 கிலோ வரை சமாளிக்கும். அதற்கு மேல் பை நடுவில் மடிந்து, தோள்வாருக்கும் ஹிப் பெல்ட்டுக்கும் உள்ள தூரம் குறையும். அப்படிக் குறைந்த அந்த நொடியே பாரம் இடுப்பை விட்டுத் தோளுக்குத் தாவிவிடும். ஃபிரேம் தோற்பது என்பது முழுக்க முழுக்க இதுதான்.

அடுத்தது பிளாஸ்டிக் தகடும், அதனுள் ஒன்றோ இரண்டோ அலுமினியப் பட்டைகளும் கொண்ட உள் ஃபிரேம். 10 முதல் 18 கிலோ வரை சுமப்பவருக்கு இதுவே சரி. இந்தப் பட்டைகளை வெளியே உருவி வளைக்க முடியும் என்பது பலருக்குத் தெரியாது. தொழிற்சாலையில் கொடுத்த வளைவு ஒரு பொதுவான முதுகுக்கானது. பட்டையை உருவி, ஒருவர் முதுகில் வைத்துப் பிடிக்க, இடுப்புக்கு மேலே உட்குழியும் இடத்தையும் தோள்பட்டை எலும்பின் மேட்டையும் பார்த்து, முழங்காலில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கலாம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைக்கக் கூடாது. அலுமினியம் களைத்து அங்கேயே உடையும். சரியாக வளைத்த பட்டை பையின் குணத்தையே மாற்றிவிடும். இத்தனை பயன் தரும் வேறு எந்த வேலையும் செலவில்லாமல் நடக்காது.

மூன்றாவது, ஓரத்தில் கம்பி வளையமும் நடுவில் இழுத்துக் கட்டிய வலையும் உள்ள வகை. முதுகுக்கும் பைக்கும் நடுவில் காற்று போகும். மேற்குத்தொடர்ச்சி மலையின் புழுக்கத்தில் இது வரம். ஆனால் அந்த இடைவெளி பாரத்தை முதுகிலிருந்து சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளுகிறது. எடை கூடக்கூட பை பின்னுக்கு இழுக்கும். 12 கிலோ வரை சுகம், அதற்கு மேல் யோசிக்க வேண்டும். வளைந்த கம்பி பையின் உள்ளிடத்தையும் தின்றுவிடுவதால், நேரான பாத்திரமோ உருட்டிய கூடாரமோ சரியாக உட்காராது.

நான்காவது, வெளி ஃபிரேம். அலுமினியக் குழாய் அல்லது கார்பன் சட்டம் தனி, பை தனி. 1952-ல் கலிபோர்னியாவில் டிக் கெல்ட்டி அலுமினியக் குழாய் ஃபிரேமில் பை விற்கத் தொடங்கினார். இன்று இந்த வகையை அதிகம் வளர்த்தெடுத்திருப்பவர்கள் வட அமெரிக்க வேட்டைக்காரர்கள். போகும்போது கூடாரமும் சாப்பாடும், திரும்பும்போது அதற்கு மேல் இறைச்சியும் சுமக்க வேண்டியிருப்பதால், பையைத் தளர்த்தி ஃபிரேமுக்கும் பைக்கும் நடுவே கனமான பொருளை வைத்து வாரால் நெருக்கிக் கட்டும் தட்டு அமைப்பை அவர்கள் விரும்புகிறார்கள். பாரம் முதுகை ஒட்டியே இருக்கும், உள்ளே இருக்கும் உடையும் நனையாது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருப்பதால் அந்தத் தேவையே இல்லை. ஆனால் அந்த அமைப்பு தேவைப்படுபவர்கள் இங்கும் உண்டு: தானியங்கி கேமராக்களைக் காட்டில் பொருத்தச் செல்லும் ஆய்வாளர்கள், டிரைபாடும் பெரிய லென்ஸும் சுமக்கும் படப்பிடிப்பாளர்கள், கயிறும் ஸ்ட்ரெச்சரும் தூக்கும் மீட்புக் குழுக்கள். 20 கிலோவுக்கு மேலும், கோணல் வடிவப் பொருட்களும் என்றால் மட்டுமே இது. மற்றவர்களுக்குக் காலி ஃபிரேமின் எடையே தண்டம், குறுகிய காட்டுப்பாதையில் கிளைகளிலும் மாட்டும்.

எந்த வகையானாலும் ஃபிரேமின் மேல்முனை உங்கள் தோளுக்குச் சுமார் 5 முதல் 10 செ.மீ. மேலே நிற்க வேண்டும். அங்கிருந்து தோள்வாருக்கு வரும் சின்ன வாரை லோட் லிஃப்டர் என்கிறார்கள். அது சுமார் 45 டிகிரியில் சாய்ந்து ஏறினால் பையின் தலைப்பகுதியை முதுகோடு இழுத்து நிறுத்தும். படுக்கையாகவோ கீழ்நோக்கியோ போனால் அந்த வார் அலங்காரம்தான். ஃபிரேம் உங்களுக்குக் குட்டை.

இப்போது லிட்டர்

வீட்டில் ஓர் அட்டைப்பெட்டி எடுங்கள். தூங்கும் பையை அதன் உறையில் நெருக்கி, உடைகளை உருட்டி, எல்லாவற்றையும் உள்ளே அடுக்குங்கள். நீளம், அகலம், நிரம்பிய உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால் லிட்டர். 40க்கு 30 பெட்டியில் 35 செ.மீ. உயரம் நிரம்பினால் 42 லிட்டர். அதோடு 15 முதல் 20 சதவீதம் சேர்த்தால் 50 லிட்டர் பை போதும். மேலே சொன்ன 4 நாள் சுமை இந்த அளவில்தான் வந்து நிற்கும். ஏற்பாட்டாளர் பயணத்துக்கு 40 முதல் 45. ஏழெட்டு நாளுக்குச் சாப்பாடும் பனிக்கால உடையும் என்றால் 65 முதல் 75. "எதற்கும் இருக்கட்டும்" என்று 75 லிட்டர் வாங்கினால் அந்தக் காலி இடம் எப்படியாவது நிரம்பிவிடும், முதுகு விலை கொடுக்கும்.

கடையில் செய்ய வேண்டியது

காலிப் பையை மாட்டிக் கண்ணாடியில் பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. கடையில் சோதனை மூட்டைகள் கேளுங்கள். இல்லாவிட்டால் கடையிலிருக்கும் கயிறு, கூடாரம், தண்ணீர் நிரப்பிய பாட்டில்கள் என்று 12 கிலோ சேருங்கள். பெங்களூரில் மலையேற்றப் பொருட்களை வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கின்றன. முடிவெடுக்க முடியாதவர்கள் ஒரே வகையை ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து நடந்து பார்த்துவிட்டு வாங்கலாம்.

மாட்டும் வரிசை முக்கியம். எல்லா வார்களையும் முழுக்கத் தளர்த்தி விடுங்கள். பையை மாட்டி, தோளைக் கொஞ்சம் தூக்கி, ஹிப் பெல்ட்டின் மெத்தையின் நடு, இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் விழும்படி வைத்து முதலில் அதை இறுக்குங்கள். பிறகு தோள்வாரைக் கீழ்நோக்கி, பின்னோக்கி இழுங்கள்; தோளை அணைத்தால் போதும், அழுத்தக் கூடாது. மூன்றாவது லோட் லிஃப்டர், லேசாக. நான்காவது நெஞ்சு வார்: காறை எலும்புக்குச் சில விரற்கிடை கீழே, மூச்சு தடைபடாத அளவுக்கு. கடைசியாக ஹிப் பெல்ட்டின் பக்கவாட்டு வார்கள்.

இப்போது தோள்வாருக்கு அடியில், தோளின் உச்சியில் இரண்டு விரலை நுழைத்துப் பாருங்கள். எளிதாக நுழைந்தால் பாரம் இடுப்பில் இருக்கிறது. 20 நிமிடம் நடந்து, கடையின் படிக்கட்டில் ஏறி இறங்கி மறுபடி நுழைத்துப் பாருங்கள். இறுகிவிட்டிருந்தால் இரண்டில் ஒன்று: பெல்ட் வழுக்கி இறங்கியிருக்கிறது, அல்லது ஃபிரேம் மடிந்திருக்கிறது. எது என்று கண்டுபிடிக்க, உடன் வந்தவரைப் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட் இருந்த இடத்திலேயே இருந்து முதுகுப்பக்கம் நடுவில் புடைத்திருந்தால் ஃபிரேம் போதாது, வேறு பை பாருங்கள். பெல்ட் இறங்கியிருந்தால் பெல்ட் பெரிதாக இருக்கலாம். தோல் பெல்ட் கட்டிய ஜீன்ஸோடு சோதித்தாலும் இப்படி ஆகும். கடைக்குப் போகும்போதே டிராக் பேன்ட்டில் போங்கள்.

சில வலிகளுக்குக் காரணம் அறிந்துகொள்வது நல்லது. தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால், பெல்ட் முன்பக்கம் நரம்பை அழுத்துகிறது. ஒரு விரல் மேலே ஏற்றிக் கட்டுங்கள். விரல் நுனி மரத்துப்போனால் தோள்வாரும் நெஞ்சு வாரும் இறுக்கம். தோளின் முன்பக்கம் மட்டும் வலித்தால் லோட் லிஃப்டரை அதிகம் இழுத்திருக்கிறீர்கள். வால் எலும்புக்கு மேலே தேய்ந்து சிவந்தால் இடுப்புப் பக்க மெத்தை கடினம், அல்லது பட்டையின் கீழ்வளைவு உங்கள் முதுகுக்கு ஒத்துவரவில்லை.

துணி, ஜிப், தையல்

துணி நூலின் தடிமனைச் சொல்லும் அளவு டெனியர்: 9,000 மீட்டர் நூலின் எடை, கிராமில். 210 டெனியர் நைலான் உடற்பகுதிக்குப் போதும், அடிப்பகுதி 420 அல்லது 500 இருக்கட்டும். கர்நாடகப் புதர்க்காடுகளில் உண்ணிச்செடி முள் பக்கவாட்டு வலைப்பாக்கெட்டைத்தான் முதலில் கிழிக்கும். வலைக்குப் பதில் நெய்த துணிப் பாக்கெட் உள்ளதை எடுங்கள். தோள்வார் பையோடு சேரும் இடத்தில் நெருக்கமான குறுக்குத்தையல் இருக்க வேண்டும். பையை உள்பக்கம் திருப்பி, தையல் ஓரங்கள் நாடா போட்டு மூடியிருக்கிறதா பாருங்கள். திறந்த ஓரம் நாளடைவில் நூல் பிரிந்துவிடும். ஜிப் பல் பெரிதாக இருப்பது நல்லது, முக்கியமாக அடிப்பக்கம் திறக்கும் ஜிப்பில்.

மழை உறையை மட்டும் நம்ப வேண்டாம். உறை மூடாத ஒரே இடம் முதுகுப்பக்கம், சட்டையில் ஓடும் தண்ணீர் அதன்வழியே உள்ளே போகும். கர்நாடகத்தின் மலைப்பகுதியான மலநாட்டில், ஜூலை மாதத்தில், ஒரு மணி நேரமே போதும். பைக்குள் விரிக்கத் தடித்த பாலித்தீன் பை ஒன்று வாங்குங்கள், பையின் கொள்ளளவைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக. வாயை முறுக்கி மடித்துக் கட்டினால் தூங்கும் பை நனையாது.

அடுக்குவதும் சோதனை நடையும்

அடியில் தூங்கும் பை. அதன்மேல், முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலிருந்து நடுமுதுகு வரையான இடத்தில் கனமானவை: சாப்பாடு, கூடாரம், தண்ணீர். வெளிப்பக்கத்தில் உடை. மேலே மழையுடையும் மருந்தும். பாறையில் தாவி இறங்கும் பாதை என்றால் கனத்தைக் கொஞ்சம் கீழே இறக்குங்கள், நிலை தடுமாறாது. உருளை வடிவில் பிதுங்கும்படி திணித்தால் முதுகுப்பக்கமும் உருண்டுவிடும். அப்புறம் எந்த ஃபிரேமும் உதவாது.

பயணத்துக்கு மூன்று வாரம் முன்னாலாவது முழு எடையோடு நடந்து பழகுங்கள். பாட்டில்களில் தண்ணீரும் ஐந்து கிலோ அரிசிப் பைகள் இரண்டும் போதும். நந்தி மலைப் படிக்கட்டு இதற்கு நல்ல இடம், ஏறும்போதும் இறங்கும்போதும் பெல்ட் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரியும். இறக்கத்தில் முழங்கால் வலித்தால் ஏற்றிய தண்ணீரைக் கொட்டிவிட்டு வரலாம். அரிசியைவிடத் தண்ணீர் இந்த விதத்தில் வசதி.

விமானத்தில் செக்-இன் செய்வதற்கு முன் ஹிப் பெல்ட்டைப் பின்பக்கமாகச் சுற்றிப் பையின் மேல் பூட்டி, தொங்கும் வார்களை உருட்டிக் கட்டுங்கள். பக்கிள்கள் உடைவது பெரும்பாலும் மலையில் அல்ல, கன்வேயரிலும் பஸ் டிக்கியிலும்தான். அடுப்பு கேஸ் கேன் விமானத்தில் கைப்பையிலும் செக்-இன்னிலும் அனுமதியில்லை. போய்ச்சேர்ந்த ஊரில் வாங்க வேண்டும். பழுதுபார்க்கும் பொருட்களுக்கான சின்னப் பையில் தைக்காமல் மாட்டக்கூடிய ஹிப் பெல்ட் பக்கிள் ஒன்று, 2 மீட்டர் நாடா, தடித்த ஊசி, நைலான் நூல், நான்கு கேபிள் டை போட்டுக்கொள்ளுங்கள். ஜிப் மூடிய பிறகும் வாய் பிளந்தால் ரன்னர் தளர்ந்திருக்கிறது. குறடால் அதன் இரு பக்கத்தையும் மெல்ல நெருக்கினால் ஊர் வரும்வரை தாங்கும்.

திரும்பி வந்ததும் பையை உதறி, வெதுவெதுப்பான நீரில் லேசான சோப்புக் கரைத்துப் பஞ்சால் துடைத்து, எல்லா ஜிப்பையும் திறந்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். வாஷிங் மெஷின் வேண்டாம். பாலித்தீனில் கட்டிப் பரணில் போட்டால் பெங்களூரு மழைக்கால ஈரத்தில் உள்பூச்சு பிசுபிசுத்து உரிந்துவிடும். காற்றோட்டமான அலமாரியில், வார்களைத் தளர்த்தி, பருத்தித் துணி ஒன்றால் மூடி வையுங்கள்.